முதலில் நிமிர்ந்தது கால்

பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் சில ஆண்டுகளாக மாலைநேரப் படிப்பகம் நடத்தி வருகிறோம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் காலாண்டுத் தேர்வின் கணக்குத் தாளை எங்களிடம் காட்டாமல் பைக்குள்ளேயே வைத்திருந்தான். நூற்றுக்கு 19. பிதாகரஸ் தேற்றத்துக்கு முட்டை. தாளைக் கொடுக்கும்போது ஆசிரியர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம்: "உங்க அப்பன் கையில கரணை இருக்கு. உனக்கும் அது போதும். மூளை வேலையெல்லாம் உங்களுக்கு ஒத்துவராது."

அவன் அப்பா கொத்தனார். விடுமுறை நாள்களில் பையன் அவரோடு சித்தாள் வேலைக்குப் போகிறான். புது வீட்டுக்கு மூலை பிடிப்பது எப்படி என்று சும்மாதான் கேட்டோம். முளை அடித்து, ஒரு நூலில் 3 அடி, இன்னொரு நூலில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் நடுவில் 5 அடி வரும்வரை நூலை நகர்த்த வேண்டும், வந்துவிட்டால் மூலை மட்டமாகிவிட்டது என்று கையாலேயே காற்றில் வரைந்து காட்டினான். அவன் வரைந்ததுதான் பிதாகரஸ் தேற்றம். அது அவனுக்கும் தெரியாது. அவனுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவும் இல்லை.

கை வேலை வேறு, மூளை வேலை வேறு, கை கீழே, மூளை மேலே என்ற இந்த எண்ணம் ஒரு தனி ஆசிரியரின் வாய்க்கொழுப்பு மட்டும் அல்ல. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. இந்த மண்ணில் அது ஓர் உடலின் படமாகவே வரையப்பட்டிருக்கிறது. ரிக் வேதத்தின் புருஷ சூக்தத்தில் வாய் பிராமணன், தோள் சத்திரியன், தொடை வைசியன், பாதத்திலிருந்து சூத்திரன். நமக்கு அந்த உடலில் பாதம்கூடக் கிடையாது, நாம் உடலுக்கே வெளியே. இதை வெறும் புராணம் என்று தள்ளிவிடலாம். ஆனால் தலை முதலில் தோன்றியது, கையும் காலும் அதற்கு ஏவல் செய்ய வந்தவை என்ற அதே கற்பனையை ஐரோப்பிய அறிவியலும் வெகுகாலம் சுமந்தது. அங்கே அதைக் கவிழ்த்தது மண்ணுக்குள் கிடந்த எலும்பு.

1912 டிசம்பரில் லண்டன் நிலவியல் கழகத்தில் சார்லஸ் டாசன், ஆர்தர் ஸ்மித் உட்வர்ட் என்ற இருவர் ஒரு மண்டையோட்டை வைத்தார்கள். சசெக்ஸ் பகுதியில் பில்ட்டவுன் என்ற ஊரின் சரளைக்குழியில் கிடைத்தது என்றார்கள். மண்டை மனிதனுடையது போலப் பெரிது, தாடை குரங்குடையது. பிரிட்டனின் பெரிய உடற்கூறியலாளர்கள் பலருக்கு அது எதிர்பார்த்திருந்த விருந்து. முதலில் மூளை பெருத்தது, அதன் பிறகே மற்ற உறுப்புகள் மனிதத் தன்மை பெற்றன என்று எலியட் ஸ்மித் போன்றவர்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஏற்ற எலும்பு, அதுவும் இங்கிலாந்திலேயே கிடைத்துவிட்டது!

1924இல் தென்னாப்பிரிக்காவில் டாங் என்ற இடத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடிவைத்தபோது ஒரு குழந்தையின் மண்டையோடு வெளிப்பட்டது. ரேமண்ட் டார்ட் அதை ஆராய்ந்து 1925இல் வெளியிட்டார். மூளை குரங்களவு சிறியது. ஆனால் தண்டுவடம் மண்டைக்குள் நுழையும் துளை பின்பக்கம் இல்லாமல் அடிப்பக்கத்தில் இருந்தது. தலை முதுகுத்தண்டின் மேல் நேராக உட்கார்ந்திருந்தது என்றால், அந்தக் குழந்தை இரண்டு காலில் நடந்தது. பில்ட்டவுனில் பெரிய மூளை, குரங்குத் தாடை. டாங்கில் சிறிய மூளை, மனித நடை. இரண்டும் ஒன்றையொன்று மறுத்தன. லண்டன் எதை நம்பியது? இங்கிலாந்துப் பெருமூளையை நம்பியது. ஆப்பிரிக்கக் குழந்தையை ஒரு குரங்குக்குட்டி என்று ஒதுக்கியது.

1953இல் வீனர், ஓக்லி, லெ கிராஸ் கிளார்க் ஆகிய மூவரும் பில்ட்டவுன் எலும்புகளைச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. மண்டை அண்மைக்கால மனிதனுடையது. தாடை ஒராங்குட்டானுடையது. மனிதப் பல் போலத் தெரிவதற்காகப் பற்களை அரத்தால் ராவி, பழைய எலும்பு போலத் தோன்றச் சாயம் பூசியிருந்தார்கள். ராவிய கீறல் உருப்பெருக்கியில் தெரிந்தது. அத்தனை படித்த மேதைகள் 41 ஆண்டுகளாக அதைத் தேடாமல் இருந்ததுதான் நமக்கு முக்கியம். விடை முன்பே தெரியும் என்று நினைப்பவர்கள் கீறலைத் தேட மாட்டார்கள்.

பிறகு வந்த சான்றுகள் எல்லாம் கால் பக்கமே பேசின. 1974 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் சுமார் 32 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. கண்டவர்கள் 'லூசி' என்றார்கள். எத்தியோப்பியர்கள் 'திங்கினேஷ்' என்கிறார்கள், 'நீ அற்புதமானவள்' என்று பொருள். மூன்றரை அடி உயரம். இடுப்பெலும்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்தவளுடையவை. அவள் இனத்தின் மூளையோ நம்முடையதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நான்கு ஆண்டுகள் கழித்து மேரி லீக்கியின் குழுவினர் தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடித் தடங்களைக் கண்டார்கள். சுமார் 36 இலட்சம் ஆண்டுப் பழமை. குதிகால், வளைவு, பெருவிரல் எல்லாம் நம் காலடி போலவே இருந்தன. மூளை பெருக்கத் தொடங்கியது இதற்கெல்லாம் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான்.

கால் உடலைச் சுமக்கத் தொடங்கியதால் கை விடுபட்டது. விடுபட்ட கை கல்லை எடுத்தது. கென்யாவின் லொமெக்வியில் கிடைத்து 2015இல் அறிவிக்கப்பட்ட கற்கருவிகளுக்கு வயது 33 இலட்சம் ஆண்டுகள். நம் 'ஹோமோ' பேரினத்தின் எலும்பு என்று இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையதே சுமார் 28 இலட்சம் ஆண்டுகள்தான். கல்லை உடைத்த கை முதலில் வந்தது, பெரிய மூளை அதைப் பின்தொடர்ந்து வந்தது.

இந்த எலும்புகள் எதுவும் கிடைக்காத காலத்திலேயே, 1876இல், ஏங்கெல்ஸ் ஒரு கட்டுரையில் இந்த வரிசையைச் சரியாகச் சொன்னார்: நிமிர்ந்த நடை, விடுபட்ட கை, உழைப்பு, அதன் பின்னே மொழி, மூளை. மூளையை முதலில் வைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் அவரே காரணம் சொன்னார். திட்டமிடுகிறவன் ஒருவன், வேலை செய்கிறவன் வேறொருவன் என்று சமூகம் பிரிந்தபோது, நாகரிகத்தின் பெருமை முழுவதையும் தலை தன் கணக்கில் எழுதிக்கொண்டது என்றார். ஐரோப்பாவில் உட்கார்ந்து அவர் எழுதியது சேரியில் இருக்கும் நமக்கு உரை இல்லாமலே புரிகிறது.

எங்கள் படிப்பகம் இருக்கும் இடத்திலிருந்து அத்திரம்பாக்கம் பக்கம்தான். ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியை எடுத்தார். அதே ஆண்டு வில்லியம் கிங்குடன் கொசத்தலை ஆற்றுப் பகுதிக்கு வந்து அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரிகளைக் கண்டார். சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, அந்தக் கருவிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் வெளியிட்டார்கள்.

கைக்கோடரியை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சும்மா உடைந்த கல் இல்லை. இரண்டு பக்கமும் செதுக்கி, கிட்டத்தட்ட ஒரே சீராக, ஒரு முனையைக் கூராக்கிய பொருள். எந்தக் கல் உடையும், எந்தக் கோணத்தில் அடித்தால் சில்லு எவ்வளவு தூரம் பெயரும், அடுத்த பத்து அடிக்கு எந்த விளிம்பை விட்டுவைக்க வேண்டும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தும் சூத்திரமும் இல்லாத காலத்தில் சிந்தனை நடந்த இடம் அதுதான், கல்லுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில். சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளைப் பூண்டி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். "இதைச் செஞ்சவங்க எந்தச் சாதி அக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். சிரித்துவிட்டோம், ஆனால் அவள் சிரிக்கவில்லை.

மூளைக்குள்ளேயே கைக்கு எவ்வளவு இடம் என்பதும் இப்போது தெரியும். 1930களில் மாண்ட்ரியாலில் வைல்டர் பென்பீல்ட் வலிப்பு நோயாளிகளுக்கு அறுவை செய்யும்போது, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு அவர்களை விழிப்பாக வைத்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார். மூளைக்கு வலி தெரியாது. ஓரிடத்தைத் தொட்டால் விரல் அசைந்தது, இன்னோரிடத்தைத் தொட்டால் உதட்டில் உணர்வு வந்தது. இப்படி அவர் வரைந்த வரைபடத்தில் முதுகுக்கும் வயிற்றுக்கும் சிறு துண்டு. கைக்கும் வாய்க்கும் பெரும்பகுதி. அந்த வரைபடமும் பிறந்தபடியே நிற்பதில்லை. நரம்பிசைக் கருவி வாசிப்பவர்களின் மூளையில் இடக்கை விரல்களுக்கான பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இளம் வயதில் தொடங்கியவர்களிடம் இன்னும் பெரிது. கை செய்யச் செய்ய, மூளை அதற்கு இடம் ஒதுக்குகிறது.

உடல்தான் அறிவை உருவாக்குகிறது என்ற இந்தப் பேச்சில் நமக்கு ஒரு பயமும் உண்டு. காரணம், உடலை வைத்து அறிவை எடைபோடுவதாகச் சொல்லித்தான் நம்மை அளந்தார்கள். எங்களில் சிலர் சமூகவியல் முதுகலை படித்தவர்கள். ரிஸ்லியும் தர்ஸ்டனும் எங்களுக்குப் பாடத்தில் வந்தார்கள். 1886 முதல் வங்காளத்தில் மக்களின் மூக்கை அளக்கத் தொடங்கிய ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து 100ஆல் பெருக்கி ஒரு குறியீட்டெண் எடுத்தார். மூக்கு எவ்வளவு அகலமோ, சாதிப் படியில் அவ்வளவு கீழே என்று விதி சொன்னார். அவரே 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். சென்னையில் எட்கர் தர்ஸ்டன் 1885இல் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்றார். அளவுகோலும் இடுக்கியுமாக மலைகளுக்கும் கிராமங்களுக்கும் போனார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும், தங்களைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் நிறுத்தப் போகிறார் என்று பயந்து ஓடினார்களாம். அதைத் தன் நூலில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண்கள் தவறாகப் புரிந்துகொண்டதாக நாங்கள் நினைக்கவில்லை. 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலில் அவர்கள் பாடம்தான் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு கொடுமை. பூட் சேர்த்த கற்கருவிகளின் தொகுப்பை 1904இல் வாங்கி வைத்ததும் அதே எழும்பூர் அருங்காட்சியகம்தான், தர்ஸ்டன் பொறுப்பில் இருந்தபோது. ஒரு பக்கம் கையின் அறிவுக்கு 15 இலட்சம் ஆண்டுச் சாட்சியான கற்கள். இன்னொரு பக்கம், கையால் உழைக்கிறவனின் மூக்கை அளந்து அவன் எந்தப் படிக்கு உரியவன் என்று எழுதும் இடுக்கி. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் அந்த இடுக்கியைப் பிடுங்கித் திருப்பினார். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில், மூக்கு அளவுகளை அவர் புறக்கணிக்கவில்லை. அளந்தவர்களின் எண்களையே எடுத்து வைத்தார். மூக்களவு ஓர் அறிவியல் என்றால், அந்த எண்களின்படி பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம், ஒருவர் ஆரியர் என்றால் மற்றவரும் ஆரியர், ஒருவர் திராவிடர் என்றால் மற்றவரும் திராவிடர் என்று முடித்தார். எதிரியின் கணக்கேட்டிலேயே எதிரியைத் தோற்கடித்த பக்கங்கள் அவை. படிக்காதவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

ரிஸ்லி அளந்தது அசையாமல் நிற்கும் உடலை. மூக்கும் மண்டையும் ஒரு சிந்தனையையும் உருவாக்குவதில்லை. அறிவை உருவாக்குவது இயங்கும் உடல். என்ன செய்கிறது, என்ன தின்கிறது, எங்கே போக விடுகிறார்கள், எதைத் தொட விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது வளர்கிறது. இதற்கு ஒரு சோதனையை நாங்கள் அடிக்கடி சொல்வோம். 1963இல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இருவர் இருட்டில் வளர்த்த பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாக ஓர் இராட்டினத்தில் கட்டினார்கள். ஒரு குட்டி தன் காலால் நடந்து இராட்டினத்தைச் சுற்றும். இன்னொன்று சிறு கூடையில் உட்கார்ந்தபடி சுமக்கப்படும். இரண்டும் பார்த்தவை ஒரே காட்சிகள். வாரக்கணக்கில் இது நடந்த பிறகு, நடந்த குட்டிக்குப் பள்ளம் எது, தரை எது என்று தெரிந்தது. கூடையில் போன குட்டிக்குத் தெரியவில்லை, பள்ளத்தின் பக்கமும் கால் வைத்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லை. நடக்க விட்டதும் அதுவும் விரைவில் தேறிவிட்டது.

பல்லக்கில் போனவர்களின் நாடு இது. சுமந்தவனுக்கு வழி தெரிந்தது, உட்கார்ந்தவனுக்குச் சாத்திரம் தெரிந்தது. இதனால் நாடு என்ன இழந்தது என்று வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். பிணத்தைத் தொடுவது தீட்டு என்றதும் உடற்கூறு அறிவு படித்தவர்களின் கையை விட்டுப் போனது. தொழில்கள் கீழ்ச்சாதிகளின் வேலை என்றதும், ஏன், எப்படி என்று கேட்கும் பழக்கமே மேலே இருந்தவர்களிடம் வற்றியது என்றார் அவர். 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா ஒரு பிணத்தை அறுத்தது ஏன் அத்தனை பெரிய செய்தியானது என்று யோசியுங்கள். செத்த மாட்டின் தோலை உரித்து, தசை எங்கே ஒட்டுகிறது, நரம்பு எங்கே ஓடுகிறது என்று தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் ஊருக்கு வெளியே இருந்தார்கள். அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. தோல் பதனிடுவது, பானை வனைவது, உழுவது எல்லாம் அறிவு என்று குழந்தைகளுக்காகவே காஞ்சா அய்லய்யா ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது, அதுவும் 2007இல்.

ஆனால் இந்தப் பாராட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "கைத்தொழிலும் அறிவுதானே, அப்படியானால் அப்பன் தொழிலையே பழகு" என்று நம்மிடம் சொன்னவர்கள் உண்டு. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். கையையும் தலையையும் இணைக்கும் கல்வி என்றுதான் அதற்கும் பெயர் சொல்லப்பட்டது. பெரியாரும் மற்றவர்களும் அதைக் குலக்கல்வி என்று அம்பலப்படுத்தினார்கள். 1954இல் காமராஜர் வந்ததும் திட்டம் ஒழிந்தது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். கொத்தனார் மகனின் கைக்கு அறிவு உண்டு என்று நாங்கள் சொல்வது அவன் கரணையோடு நின்றுவிட அல்ல. மலக்குழிக்குள் இறங்கச் செய்வதைச் சட்டம் தடுத்த பிறகும் இறக்கிவிடப்படுகிற கைக்கு அங்கே கற்க எதுவும் இல்லை. அது சாவு. அதற்கு யாரும் 'உழைப்பின் மேன்மை' பாட வேண்டாம்.

கடைசியாக வயிறு. பெரியவர்களில் உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான் மூளை, ஆனால் ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. நாலைந்து வயதுக் குழந்தைக்குப் பாதிக்கும் மேல். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 35 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதிக் குழந்தைகளில் 39 பேர். காலைப் பட்டினியோடு வரும் பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்கிறவர்கள் முதலில் வயிற்றைப் பார்க்க வேண்டும். நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராஜராலும் 1982இல் எம்.ஜி.ஆராலும் விரிந்து, 2022இல் காலை உணவாகவும் வந்த பள்ளிச் சாப்பாட்டை 'இலவசம்' என்று நக்கல் செய்கிறவர்களுக்கு மூளை எதனால் ஓடுகிறது என்று தெரியாது. அந்தச் சாப்பாட்டையும் நம் பெண்கள் சமைத்தால் பிள்ளையைச் சாப்பிட விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனின் அப்பாவைப் படிப்பகத்துக்கு அழைத்தோம். "நான் வந்து என்ன சொல்லப் போறேன்" என்று தயங்கினார். பிறகு நூல்கண்டு, நாலு முளை, டேப்போடு வந்து வாசலில் ஒரு மூலை பிடித்துக் காட்டினார். நாங்கள் பக்கத்தில் கரும்பலகையை வைத்து 3இன் வர்க்கம் 9, 4இன் வர்க்கம் 16, கூட்டினால் 25, அது 5இன் வர்க்கம் என்று எழுதினோம். பையன் நூலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ 6, 8, 10 போட்டாலும் வருமா?" என்று எங்களைக் கேட்டான்.

"பெரிய கட்டடம்னா அப்படித்தான்டா பிடிப்போம்" என்றார் அப்பா.